கீசராயுள் விளக்கம்

ஆய்வுப் பொருள்: தமிழ்நாட்டு நடுத்தர வீடுகளின் குளியலறையில், குளிப்பவர் தலைக்கு நேர் மேலே, எப்போது விழுமோ என்ற ஐயத்தை நிரந்தரமாக எழுப்பியபடி தொங்கும் வெள்ளை உருளை. ஆய்வின் எல்லை: 15 லிட்டர், 25 லிட்டர் சேமிப்பு வகைகள் மட்டும். 3 லிட்டர் இன்ஸ்டன்ட் வகை பெரும்பாலும் பாத்திரம் கழுவும் இடத்தில் இருப்பதால் அது வேறு துறையைச் சேர்ந்தது. கேஸ் கீசரும் விலக்கப்படுகிறது. 1868இல் லண்டனில் பெஞ்சமின் வாடி மாஹன் என்ற பெயின்டர் உருவாக்கிய முதல் கேஸ் கீசருக்குப் புகைபோக்கியே கிடையாது. காற்றுப் போக வழியில்லாத குளியலறையில் அந்த வகை இன்றும் ஆளையே முடித்துவிடும் என்பதால், கலனின் ஆயுளை ஆராயப் புகுந்த இந்நூலில் அதற்கு இடமில்லை.

இத்துறையின் முன்னோர் ஆய்வுகள் எல்லாம் சுவிட்சைப் பற்றியவை. அவற்றில் மூன்று மரபுகள் தெளிவாகத் தெரிகின்றன. முதலாவது நித்தியவாதம். சுவிட்ச் எப்போதும் போட்டபடியே இருக்க வேண்டும், சூடானதும் அதுவே நின்றுகொள்ளும் என்பது இவர்கள் கொள்கை. பெரும்பாலும் கரண்ட் பில் கட்டாதவர்களே இம்மரபினர். இரண்டாவது கணவாதம். குளிக்கப் பத்து நிமிடம் முன்பு போட்டு, குளிக்கப் போகும்போது அணைக்க வேண்டும் என்பர். வீட்டுத் தலைவியர் அனைவரும் இதன் ஆசிரியர்கள். மூன்றாவது ஐயவாதம். இதைப் பின்பற்றுவோர் ரயில் தாம்பரம் தாண்டிய பிறகே வெளிப்படுவர்: "ஏங்க, கீசரை ஆஃப் பண்ணினீங்களா?"

கீசரின் நெற்றியில் எரியும் சிவப்பு விளக்குக்கும் உரை வேறுபாடு உண்டு. விளக்கு அணைந்தால் தண்ணீர் சுட்டுவிட்டது என்பது ஓர் உரை. அணைந்தால் கீசர் கெட்டுவிட்டது என்பது மற்றோர் உரை. முதலாம் உரையே பெரும்பாலும் சரி. ஆனால் காயில் போன கீசரில் விளக்கு எரிந்துகொண்டே இருப்பதும் உண்டு என்பதால், விளக்கை மட்டும் நம்பி எந்த முடிவுக்கும் வருவது ஆய்வு நெறியாகாது. குழாயைத் திறந்து கையை நீட்டிப் பார்ப்பதே பிரத்தியட்சப் பிரமாணம்.

இந்த விவாதங்கள் அனைத்தும் எவ்வளவு மின்சாரத்துக்காக நடக்கின்றன என்று கணக்கிட்டுப் பார்க்க வேண்டியிருக்கிறது. 15 லிட்டர் தண்ணீரை 25 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குக் கொண்டுபோக ஏறத்தாழ 0.6 யூனிட் போதும். 2,000 வாட் காயில் அதைச் சுமார் 18 நிமிடத்தில் முடித்துவிடும். பத்து நிமிடக் கணவாதியின் குளியல் இளஞ்சூட்டில் ஏன் முடிகிறது என்பதற்கும் இதுவே காரணம். அரை யூனிட்டைச் சுற்றி இத்தனை உரைகளும் மறுப்புகளும் எழுந்திருக்க, கலனின் ஆயுளைத் தீர்மானிக்கும் உள்பாகம் பற்றி ஒரு குறிப்பும் இல்லை. சுவிட்ச் கைக்கு எட்டுகிறது, உள்பாகம் எட்டவில்லை என்பதைத் தவிர இந்த மௌனத்துக்கு வேறு காரணம் கிடைக்கவில்லை.

முந்தைய தலைமுறையின் செம்புப் பாய்லருக்கு இந்தச் சிக்கல் இருந்ததில்லை. நடுக்குழாயில் கரியும் கொட்டாங்கச்சியும் போட்டு மூட்டினால், கீழே சாம்பல் விழும். அள்ளாவிட்டால் மறுநாள் எரியாது. மேல் மூடியைத் திறந்தால் உள்ளே படிந்த வெள்ளை உப்பு கண்ணுக்குத் தெரியும். தீபாவளிக்கு முதல்நாள் அதைப் புளி போட்டுத் தேய்த்து, மஞ்சள் குங்குமம் இட்டு, புதுத்தண்ணீர் நிரப்பி வைப்பார்கள். வழிபாடு என்ற பெயரில் நடந்த வருடாந்திரச் சர்வீஸ் அது. இன்றும் ஆயுத பூஜையன்று பல வீடுகளில் கீசருக்குச் சந்தனப் பொட்டு கிடைக்கிறது. அத்துடன் அவ்வாண்டுப் பராமரிப்பு நிறைவடைகிறது.

இனி உள்பாகம். பெரும்பாலான கீசர்களின் தொட்டி இரும்புத் தகட்டால் ஆனது. துருப்பிடிக்காதிருக்க உட்புறம் கண்ணாடிப் பூச்சு பூசிச் சூளையில் சுட்டிருப்பார்கள். எவ்வளவு நன்றாகச் சுட்டாலும் பூச்சில் எங்கோ ஒரு நுண்ணிய விரிசல் இருக்கும், அந்த வழியே தண்ணீர் இரும்பைத் தொடும். அதற்காகவே உள்ளே ஒரு மக்னீசியக் கம்பியைச் செருகிவைக்கிறார்கள். மெக்கானிக்குகள் மொழியில் ஆனோடு ராடு. இரும்பைவிட மக்னீசியம் எளிதில் கரையும் உலோகம் என்பதால், தண்ணீரின் அரிப்பு முழுவதையும் அது தன்மேல் வாங்கிக்கொள்கிறது. தீர்ந்துபோகும் வரை தொட்டிக்கு ஆபத்தில்லை. தீர்ந்த மறுநாளிலிருந்து தண்ணீர் தொட்டியைத் தின்னத் தொடங்குகிறது.

இந்தத் தத்துவத்தின் வரலாறு கடற்படையில் தொடங்குகிறது. 1824இல் ஹம்ப்ரி டேவி, பிரிட்டிஷ் போர்க்கப்பல்களின் அடிப்பாகத்துச் செம்புத் தகடு உப்புநீரில் அரிக்கப்படுவதைத் தடுக்க, அதோடு இரும்பையும் துத்தநாகத்தையும் இணைத்துப் பார்த்தார். செம்பு தப்பியது. ஆனால் செம்பு கரைந்து நஞ்சாக இருந்ததால்தான் அதுவரை சிப்பிகளும் பாசியும் ஒட்டாமல் இருந்தன என்பது பிறகுதான் தெரிந்தது. கரைவது நின்றதும் அவை அடை அடையாக ஒட்டின, கப்பல் வேகம் குறைந்தது, கடற்படை அந்த ஏற்பாட்டைக் கைவிட்டது. கப்பலில் தோற்ற அதே தத்துவம் குளியலறையில் வென்றிருக்கிறது. வென்றவரை யாரும் பார்த்ததில்லை என்பது மட்டுமே குறை.

களஆய்வில் பதிவான உரையாடல் ஒன்று:

"உள்ள என்னப்பா இருக்கு?"

"ஃபுல்லா உப்பு சார். ராடு கரைஞ்சே போச்சு."

"எந்த ராடு?"

"வாங்கும்போதே உள்ள வச்சுத்தான் சார் குடுப்பாங்க. யாரும் மாத்த மாட்டாங்க."

இதில் கூறப்படும் உப்பு, தமிழ்நாட்டுப் போர் தண்ணீரின் கொடை. அதில் கரைந்திருக்கும் கால்சியம் பைகார்பனேட் சூடு பட்டதும் சுண்ணாம்பாக மாறிக் காயிலில் படிகிறது. சர்க்கரை சூட்டில் கரையும், இது சூட்டில் உறையும். படிவு தடித்தால் காயிலின் சூடு தண்ணீருக்குப் போகாமல் காயிலிலேயே தங்கி, அதை வெடிக்கச் செய்கிறது. குடிநீருக்கான இந்தியத் தரநிலை 10500, மொத்தக் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது என்கிறது. வேறு நீர் கிடைக்காதபோது 600 வரை பொறுத்துக்கொள்கிறது. பக்கெட்டில் வெள்ளை வளையம் விழும் வீடுகளில் கீசரைப் பொறுத்துக்கொள்ளச் சொல்ல அந்தத் தரநிலைக்கு அதிகாரமில்லை.

சூடு கூடக் கூடப் படிவு வேகமெடுக்கும். தெர்மோஸ்டாட்டை 75இல் வைத்துப் பச்சைத் தண்ணீர் கலந்து குளிப்பதைவிட 60இல் வைப்பது நல்லது. அதற்கும் வெகுவாகக் கீழே இறக்கி மிச்சம் பிடிக்க நினைப்பவர்கள், வெதுவெதுப்பான தேங்கிய நீரில் லீஜியோனெல்லா என்ற கிருமி வளரும் என்பதையும் கவனிக்க வேண்டும். மென்னீர்க் கருவி மாட்டியவர்களுக்குச் சுண்ணாம்பு குறையும். ராடு கரைவது குறையாது, கூடவும் செய்யலாம். எவர்சில்வர் தொட்டி வாங்கிவிட்டோம் என்று நிம்மதியாக இருப்பவர்களுக்கு ஒரு மறுப்பு: கடலோரக் கிணற்று நீரிலுள்ள குளோரைடு அதன் வெல்டிங் ஓரங்களிலும் ஊசித்துளை போடும்.

இனி சொட்டும் வால்வு. 15 லிட்டர் நீர் 60 டிகிரிக்குச் சூடாகும்போது ஏறத்தாழ ஒரு டம்ளர் அளவுக்கு விரிகிறது. அது வெளியேறும் வழியே அந்த வால்வு. அது சொட்டுவதைக் கண்டு பதறி, துணியைச் சுற்றுவது, மூடி போட்டு அடைப்பது முதலிய சிகிச்சைகள் வழக்கில் உள்ளன. இவற்றை நிகழ்த்துவோர் அடுத்த குளியலை வேறு வீட்டில் வைத்துக்கொள்வது உத்தமம். அடைக்கப்பட்ட கலன் வெடிக்கக்கூடியது. சூடாகும்போது மட்டும் சொட்டினால் அது வேலை செய்கிறது என்று பொருள். குளிர்ந்திருக்கும்போதும் ஓயாமல் ஒழுகினால் மாற்ற வேண்டும்.

அதே இணைப்பில் தண்ணீரைத் திரும்பவிடாத ஒருவழி வால்வும் இருக்கிறது. அது பழுதானால், மாடித் தொட்டி காலியான நேரத்தில் கீழே யாரோ குழாயைத் திறக்க, கீசர் நீரும் பின்னோக்கி இறங்கிவிடும். கீசர் தொட்டி காலியென்று தெரியாமல் சுவிட்ச் போட்டால் காயில் வெறுமையில் கருகும். லாரித் தண்ணீருக்குக் காத்திருக்கும் நாட்களில் முதலில் வெந்நீர்க் குழாயைத் திறந்து தண்ணீர் வருகிறதா என்று பார்த்த பிறகே சுவிட்சைத் தொட வேண்டும். சுவிட்ச் பற்றிய மூன்று மரபுகளில் ஒன்றுகூட இதைச் சொல்லவில்லை.

ஆகவே வாசகரிடம் ஒரு வேண்டுகோள். போர் தண்ணீர் வீடென்றால் வருடத்துக்கு ஒருமுறை, நல்ல தண்ணீர் வீடென்றால் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். அவர் ஏணியில் ஏறுமுன் எம்சிபியை நீங்களே இறக்கிவிடுங்கள். தொட்டியை முழுக்க வடித்து, காயிலின் சுண்ணாம்பைக் கழுவச் சொல்லுங்கள். கழற்றிய ராடை உங்கள் கையில் வாங்கிப் பாருங்கள். பாதிக்கு மேல் கரைந்திருந்தாலோ நடுக்கம்பி வெளியே தெரிந்தாலோ புதிது போடுங்கள். அதன் விலை புதுக் கீசரின் விலையில் மிகச் சிறிய பங்குதான்.