மீன் சைவமா?

வடபழனியில் வாடகைக்கு வீடு தேடியவர்களுக்கு அந்தக் கேள்விகள் மனப்பாடம். "குடும்பமா, பேச்சிலரா? சைவமா? சினிமாவுல இருக்கீங்களா?" கேட்டால் எரிச்சல் வரும். ஹாலில் கடல்நீர்த் தொட்டி வைத்த நாள்முதல் நானும் அப்படியொரு ஹவுஸ் ஓனர்தான்.

நூறடி ரோட்டில் நேரே போய்ப் பாடி தாண்டினால் கொளத்தூர். அங்கே வண்ணமீன் கடைகளுக்குக் குறைவில்லை. எந்த மீனைக் காட்டினாலும் கடைக்காரர், "ரொம்ப சாது சார்" என்பார். லயன் ஃபிஷ்கூடச் சாதுதான். யாரையும் விரட்டாது, வம்பு பேசாது. வாயில் அடங்குகிறவரைச் சத்தமில்லாமல் விழுங்கிவிடும்.

டாம்செல் அதற்கு நேர் எதிர். கட்டைவிரல் அளவு நீல மீன், விலையும் மலிவு. முதலில் விட்டீர்களோ, முழுத் தொட்டியும் அதன் பெயருக்குப் பட்டா ஆகிவிடும். பின்னால் வருகிறவர் எவரும் நிம்மதியாக ஒரு கல்லோரம் ஒதுங்க முடியாது. வேண்டுமென்றால் கடைசியில் விடுங்கள். வேண்டவே வேண்டாம் என்பது என் கட்சி.

2003இல் 'ஃபைண்டிங் நீமோ' வந்ததிலிருந்து பிள்ளைகள் டோரி கேட்கிறார்கள். டோரி என்கிற அந்த நீல டாங் மீன் ஓரடி வளரும். வால் அருகே கத்திபோல் முள் வேறு.

பட்டர்ஃபிளை மீன் அழகோ அழகு. ஆனால் அதில் பல வகை பவளத்தைக் கொறித்தே வாழ்பவை. பாறைப் பவளமோ 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் புலியோடு இருக்கிறது. சாப்பாடே சட்டவிரோதமான ஆளுக்கு எப்படி வீடு கொடுப்பது? கடல்குதிரைக்கும் அதே சட்டம்தான். அதைக் குடிவைத்தால் அது வெளியே வரும், நாம் உள்ளே போவோம்.

என் ஓட்டு க்ளவுன் மீனுக்கு. மண்டபத்திலும் பரங்கிப்பேட்டையிலும் ஆராய்ச்சிக்காரர்கள் இதைத் தொட்டியிலேயே குஞ்சு பொரிக்க வைத்திருக்கிறார்கள். அப்படி வளர்ந்தது பாக்கெட் தீனிக்கு முகம் சுளிக்காது. எல்லாம் ஆணாகவே பிறக்கும். கூட்டத்தில் பெரியது பெண்ணாகிக் குடும்பத்தை நடத்தும். அம்மா போய்விட்டால் அப்பாவே அம்மா ஆகிவிடுவார். பஞ்சாயத்தே கிடையாது. ஆனால் ஒரு ஜோடிக்கு மேல் விடாதீர்கள். இரண்டு அம்மாக்கள் ஒரு கூரையின்கீழ் ஒத்துப்போக மாட்டார்கள்.

துணைக்கு ஒரு கோபி மீன் போதும். அது குதிக்கும், தொட்டிக்கு மூடி போடுங்கள்.