ஓஎஸ் ஏறாத கதை

கம்ப்யூட்டர் பாகங்கள் வாங்கும்போதே கடைக்காரர் கேட்டார். "சார், ஓஎஸ் போட்டுக் கொடுத்துடட்டுமா? ஐந்நூறு ரூபாய்தான்." ரிச்சி தெருவில் இந்தக் கேள்விக்குத் தலையாட்டியவர்கள் எல்லாம் அன்று ராத்திரியே வீட்டில் படம் பார்த்திருப்பார்கள். நான், "வேணாம், நானே போட்டுக்கறேன்" என்றேன்.

அசெம்பிள் பண்ணியதில் குறை சொல்ல முடியாது. விரலில் ரத்தம் வந்தது ஒரே இடத்தில்தான். பட்டனை அழுத்தியதும் ஃபேன் சுற்றி, கேபினெட் முழுக்க ஆடித் திருவிழா சீரியல் செட் மாதிரி ஜொலித்தது. "இதுக்குள்ள எதுக்கு லைட்டு?" என்றாள் மனைவி. இன்றுவரை என்னிடம் பதில் இல்லை.

முதல் சண்டை பென்டிரைவோடு. 32 ஜிபி காலியாக இருக்கிறது. 5 ஜிபி ஃபைலை வாங்க மாட்டேன் என்கிறது. ஃபேட்32 முறையில் ஃபார்மேட் செய்த பென்டிரைவில் ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தொடக்கூடாதாம். பெரிய மண்டபம், ஆனால் வாசல் சின்னது. அதற்கென்று இருக்கிற மென்பொருளைப் பிடித்து ஒருவழியாக ஏற்றினேன்.

விண்டோஸ் 11 ஏற ஆரம்பித்தது. 37 சதவீதத்தில் நின்றது. தேவையான ஃபைல்களை ஏற்ற முடியவில்லை என்று சொல்லி, 0எக்ஸ்8007025டி என்று ஒரு நம்பரும் கொடுத்தது. லாட்டரி நம்பர் போலப் பத்திரமாக எழுதி வைத்துக்கொண்டேன். அடுத்த தடவை 12. மூன்றாவது தடவை 81 வரை போனது. மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் வந்து நின்றாள். அதுவும் நின்றது.

வேறு பென்டிரைவ் வாங்கினேன். வேறு ஓட்டையில் செருகினேன். எஸ்எஸ்டியைக் கழற்றி மாட்டலாம் என்று போனபோதுதான் அதன் ஸ்க்ரூ விழுந்தது. குருணை அரிசி அளவு இருக்கும். டிங் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். நானும் மனைவியும் டார்ச்சோடு கட்டிலுக்கு அடியில் குப்புறப் படுத்துத் தேடினோம். போன வருஷம் தொலைந்த கம்மல் திருகு கிடைத்தது. அவள் எழுந்து போய்விட்டாள். ஸ்க்ரூ என் சட்டைப் பையில் இருந்தது.

மூன்றாம் நாள் வெட்கத்தை விட்டு அக்கா பையனுக்கு போன் போட்டேன்.

"மாமா, ஒவ்வொரு தடவையும் ஒரே இடத்துலயா நிக்குது?"

"இல்லடா, இஷ்டத்துக்கு நிக்குது."

"அப்ப பென்டிரைவ் இல்ல மாமா, ரேம். பென்டிரைவ் கெட்டிருந்தா பெரும்பாலும் அதே ஃபைல்ல, அதே இடத்துல நிக்கும். எல்லாம் ரேம் வழியாத்தான் பிரிஞ்சு வருது. அங்க எப்பவாவது ஒரு பிட் மாறினாலும் கணக்கு உதைக்கும். பயாஸ்ல எதையாவது நோண்டினீங்களா?"

"நான் எதையும் தொடலடா" என்றேன்.

தொட்டிருந்தேன். ரேம் அட்டையில் 3600 என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. போர்டில் செருகினால் சாதுவாக 2133இல் ஓடியது. காசு கொடுத்த வேகத்தை விடுவானேன் என்று, பயாஸில் எக்ஸ்எம்பி என்ற வரியை முதல் நாளே எனேபிள் பண்ணியிருந்தேன். எல்லா போர்டும் எல்லா ரேமும் அந்த வேகத்துக்கு ஒத்துப்போகாது என்பது எனக்கு அப்புறம்தான் தெரிந்தது. மெம்டெஸ்ட்86 ஓட்டினால் திரை முழுக்கச் சிவப்புக் கோடு. எக்ஸ்எம்பியை அணைத்துவிட்டு ஓட்டினால் ஒரு பிழை இல்லை. "என்னன்னே தெரியல, தானா சரியாயிடுச்சு" என்று மருமகனிடம் சொன்னேன். அவன் ஒன்றும் பேசவில்லை. கெட்டிக்காரப் பையன்.

நூறு சதவீதம் ஆனது. எந்த நாடு என்று கேட்டது, சொன்னேன். இன்டர்நெட் கொடு என்றது. வைஃபை தெரியவில்லை, டிரைவர் வேண்டுமாம். டிரைவர் எங்கே? இன்டர்நெட்டில்.

"மதர்போர்டு பெட்டியில ஒரு டிவிடி இருக்குமே மாமா, அதுல டிரைவர் இருக்கும்."

என் கேபினெட்டில் டிவிடி போட இடமே கிடையாது. இருந்தாலும் பெட்டியைத் துழாவினேன். காணோம். மனைவி அதை முதல் நாளே பால்கனிக் கம்பியில் நூல் கட்டித் தொங்கவிட்டிருந்தாள். வெயிலில் பளபளவென்று சுற்றிக்கொண்டிருந்தது. மூன்று நாளாக ஒரு புறா வரவில்லை.