20 பைட்டுக் கோப்பின் தோற்றமும் வாழ்வும்: ஓர் ஆய்வு

வீட்டு மூலையில் உறுமும் பழைய கணினியிலோ, மாத வாடகைச் சர்வரிலோ சொந்தமாக நெக்ஸ்ட்கிளவுட் ஓட்டுவோரின் பேக்கப் ஃபோல்டர்களில் ஓர் உயிரினம் வாழ்ந்துவருகிறது. எடை 20 பைட். கூடவும் கூடாது, குறையவும் குறையாது. பெயரில் அன்றைய தேதி, வாலில் ஜிஇசட், பிறப்பு நள்ளிரவுக்குப் பின். உள்ளே ஒன்றும் இராது. இதைக் கண்டு அலறியோர் பலர். இலக்கணம் வகுத்தோர் இல்லை. அக்குறை இங்கே தீர்க்கப்படுகிறது.

எடையிலிருந்து தொடங்குவோம். ஜிஜிப் என்னும் சுருக்கு நிரல் கடமை தவறாதது. அதற்கு எதுவுமே கொடுக்காவிட்டாலும் தலைப்பகுதிக்கு 10 பைட், வெறுமையைச் சுருக்கியதற்கு 2, சரிபார்ப்பு எண்ணுக்கும் நீளத்துக்கும் 8 என்று கணக்கு வைத்து, இன்மையை முறைப்படி உறையிலிட்டுத் தரும். சூனியத்தைப் பற்றி நாகார்ஜுனர் முதலாக எழுதியோர் உண்டு. அதை நிறுத்துப் பார்த்தது ஜிஜிப் மட்டுமே.

இனி, அதற்கு ஏன் எதுவும் வரவில்லை என்னும் வினா. நிர்வாகி ஒரு நாள் கீபோர்டின் முன் அமர்ந்து, டாக்கர் எக்ஸெக் என்றெழுதி, அதனுடன் 'மைனஸ் ஐடி' என்னும் ஒட்டைச் சேர்த்து, டேட்டாபேஸான போஸ்ட்கிரெஸின் கன்டெய்னருக்குள் அதை நகலெடுக்கும் பிஜி-டம்ப்பை ஏவி, வருவதை பைப் வழியே ஜிஜிப்புக்கு அனுப்புகிறார். ஓடுகிறது. மகிழ்ந்து அதே வரியை ஒரு ஸ்கிரிப்டில் ஒட்டி, குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் கிரானிடம் ஒப்படைத்துவிட்டுத் தூங்கப் போகிறார். அந்த ஒட்டு, எதிரே ஒரு டெர்மினல் இருப்பதாக நம்பிச் செயல்படுவது. கிரானுக்கு ஏது டெர்மினல்? உள்ளீட்டுச் சாதனம் டிடிஒய் அல்ல என்று முனகிவிட்டு டாக்கர் விலகிக்கொள்கிறது. பைப்பின் மறுமுனையில் இருக்கும் ஜிஜிப்புக்கு இந்தச் சண்டை தெரியாது. ஷெல்லோ பைப் வரிசையின் கடைசி ஆளை மட்டுமே விசாரித்துத் தீர்ப்பு எழுதும் நீதிபதி. ஆகவே வழக்கு வெற்றி. இதனை 'வெற்றிப் போலி' என்க. பாஷ் ஸ்கிரிப்டின் தலையில் பைப்ஃபெயிலை இயக்கியிருந்தால் குட்டு வெளிப்பட்டிருக்கும். டாக்கரின் முனகலைக் கிரான் உள்ளூர் அஞ்சலில் அனுப்பப் பார்க்கும்; அஞ்சல் நிரலே நிறுவாத சர்வரில் அது காற்றோடு போகும்.

டார்வின் அன்பர்கள் கவனிக்க வேண்டிய இடம் அடுத்தது. ஏழு நாளுக்கு மேற்பட்டவற்றை அழி என்றொரு வரி ஸ்கிரிப்டின் அடியில் இருக்கும். இடத்தைச் சேமிக்க எழுதியது. கையால் எடுத்த அந்த ஒரே கொழுத்த டம்ப் வயதாகிச் சாகிறது. எஞ்சுவன நம் இனத்தார் எழுவர், மொத்தம் 140 பைட். இயற்கைத் தேர்வு இங்கே தலைகீழாக நடக்கிறது. இடச் சேமிப்பு என்னும் நோக்கம் நிறைவேறியதை மட்டும் மறுப்பதற்கில்லை.

இவ்வினம் எளியோர் வீட்டில் மட்டும் வாழ்வதன்று. 2017 ஜனவரி 31 அன்று, நிரல் களஞ்சியங்களைப் பேணும் கிட்லேப் நிறுவனத்தின் பொறியாளர் ஒருவர் தவறான சர்வரில் டேட்டாபேஸ் ஃபோல்டரை அழித்தார். நிறுத்துவதற்குள், சுமார் 300 ஜிபியில் 4.5 ஜிபிதான் மிஞ்சியது. பேக்கப்பைத் தேடிப் போனால், அது 9.6 போஸ்ட்கிரெஸை 9.2 பிஜி-டம்ப் கொண்டு எடுக்க முயன்று ஓசையின்றித் தோற்றிருந்தது. எச்சரிக்கை மின்னஞ்சல்களைப் பெறும் முனை நிராகரித்திருந்தது. அன்று உலகறியத் திறந்துவைத்த குறிப்பேட்டில், சில பைட் அளவே உள்ள கோப்புகள் என்ற பதிவு உண்டு. நம் துறையின் மூத்த ஆவணம் இதுவே. வேறொரு வேலைக்காக ஒருவர் ஆறு மணி நேரம் முன்பு எடுத்துவைத்த ஸ்னாப்ஷாட் காப்பாற்றியது. தோல்வியை ஒளிக்காமல் யூடியூபில் நேரலையாகக் காட்டியதற்காக அவர்களை இத்துறை என்றும் வணங்கும்.

டம்ப் எடுக்கும் முறைக்கு மாறுபடுவோர் நகல் மரபினர். டம்ப் எதற்கு, வால்யூம் ஃபோல்டரையே அள்ளிக்கொள்வோம் என்பார். கன்டெய்னரை நிறுத்திவிட்டு அள்ளினால் குற்றமில்லை. ஓடும்போதே அள்ளினால் முதல் பக்கம் இரண்டு மணிக்கும் கடைசிப் பக்கம் இரண்டேகாலுக்கும் உரியதாக அமையும். எடை கனக்கும், எழுந்து நிற்குமா என்பது ஐயம். சரியாகவே அள்ளியிருந்தாலும் போஸ்ட்கிரெஸ் 15-இன் ஃபோல்டரை 16 ஏற்காது. இமேஜில் எண்ணைக் குறிக்காமல் 'லேட்டஸ்ட்' என்று எழுதியவர் இதை ரீஸ்டோர் அன்றுதான் அறிவார் என்மனார் புலவர்.

ரீஸ்டோர் பற்றிய களச்சான்றுகள் மிகக் குறைவு. முறை எளிது: வேறொரு மெஷினில் வெற்று வால்யூமுடன் அதே பதிப்பு டேட்டாபேஸை எழுப்பி, டம்ப்பைச் செலுத்தி, கான்ஃபிக் கோப்பையும் பயனர் கோப்புகளையும் சேர்த்து, செயலியைத் திறந்து ஒரு புகைப்படத்தைக் காண்பது. ஞாயிறு மதியத்தில் முடியும். எனினும் அறிஞர்கள் இதைத் தவிர்ப்பதற்கு வலுவான காரணம் உண்டு: செய்தால் முடிவு தெரிந்துவிடும்.

முறைமையில் குறைவைப்பவர் அல்லர் இவர்கள். மூன்று நகல், இருவகை ஊடகம், ஒன்று வெளியூரில் என்னும் 3-2-1 விதியை வழுவாமல் போற்றி, தலா 20 பைட்டாக 60 பைட்டைப் பாதுகாத்தோர் உண்டு. ரெஸ்டிக் கொண்டு குறியாக்கம் செய்து, பின் கடவுச்சொல்லைத் தொலைத்தவரின் களஞ்சியம் மட்டும் ஆய்வுக்கு எட்டவில்லை. உள்ளே இருப்பது வெறுமைதானா என்று நிறுவ இனி எவராலும் இயலாது. உரிமையாளர் அதை முழுமையான பேக்கப் என்கிறார். மறுக்க நம்மிடம் சான்றில்லை.