அறிமுகக் கையெழுத்து

எண்பதுகளில் கோவில்பட்டி வங்கியில் காசோலையை நீட்டினால், அதை வாங்கிக்கொண்டு எண் பொறித்த பித்தளை டோக்கன் ஒன்றைக் கையில் கொடுப்பார்கள். காசோலை உள்ளே மேசை மேசையாகப் போகும். லெட்ஜரில் ஏறும், மாதிரிக் கையெழுத்து அட்டையோடு ஒப்பிடப்படும், அதிகாரி ஒப்பமிடுவார். கடைசியில் கம்பிக் கூண்டுக்குள்ளிருந்து காசாளர் எண்ணைச் சொல்லிக் கூப்பிடுவார். டோக்கனைத் திருப்பிக் கொடுத்தால்தான் பணம். கையெழுத்து ஒன்று, பித்தளை ஒன்று, இரண்டும் சேர்ந்து வர வேண்டும். கைப்பேசியில் இன்று நம்மைப் படுத்துகிற இரட்டைச் சரிபார்ப்பை நான் முதலில் பார்த்தது அந்தக் கூடத்தில்தான்.

அக்காள் கல்யாணத்துக்கு பி.எஃப். முன்பணம் எடுக்கப் போன அன்று அப்பாவிடமிருந்த டோக்கன் கூட்டத்தில் எங்கோ விழுந்துவிட்டது. "டோக்கன் இல்லாம குடுக்க முடியாது சார்வாள். ஆபீசரைப் பாருங்க" என்றார் காசாளர். அதிகாரி முதலில் செய்தது, அந்த எண்ணுக்குப் பணம் கொடுக்காதே என்று கூண்டுக்குச் சொல்லி அனுப்பியது. பிறகு அப்பாவிடம் ஒரு கடிதம் எழுதி வாங்கினார், கையெழுத்தை அட்டையோடு மறுபடி ஒப்பிட்டார். வரிசையில் நின்ற மண்டிக்கடை அண்ணாச்சி, இவரை எனக்குத் தெரியும் என்று கடிதத்தின் கீழே எழுதிக் கையெழுத்துப் போட்டார். டோக்கனுக்கான காசைப் பிடித்துக்கொண்டு மதியத்துக்குள் பணத்தைக் கொடுத்துவிட்டார்கள்.

இதை மட்டும் சொல்லி நிறுத்தினால் அந்தக் காலம் பொற்காலமாகிவிடும். அப்போது கணக்குத் தொடங்கவே ஏற்கெனவே கணக்கு வைத்திருக்கிற ஒருவர் அறிமுகக் கையெழுத்துப் போட வேண்டும். தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்த்த அத்தைக்கு அப்பா இருந்தார், போட்டார். அவளோடு பெட்டி அடைத்த பெண்களுக்கு யார் இருந்தார்கள்? அவர்களைச் சுற்றி இருந்த யாருக்குமே கணக்குக் கிடையாது. ஒருத்தி அத்தையை அழைத்துக்கொண்டு வீட்டுக்கே வந்தாள். "எல்லாருக்கும் போட்டுக்கிட்டிருந்தா நாளைக்கு என்னையல்லவா கேப்பான்" என்று அப்பா தட்டிக் கழித்தார். அவள் சேமிப்பு கடைசிவரை சீட்டிலேயே போனது. அண்ணாச்சியின் ஒரு வரி அப்பாவுக்குக் கதவைத் திறந்தது. அதே ஒரு வரி கிடைக்காதவளுக்குக் கதவு இருப்பதே பயன்படவில்லை.

மதுரையில் நெரிசலான பேருந்தில் என் கைப்பேசி பறிபோனபோது இதெல்லாம் நினைவுக்கு வந்தது. எண்ணை மீட்பது அவ்வளவு கடினமாக இல்லை. காவல் நிலையத்தில் புகார், புகார் நகலோடு கடையில் விரல்ரேகை, அதே எண்ணுக்கு மாற்று சிம். அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் பழைய கருவியின் ஐ.எம்.இ.ஐ. எண்ணைக் கொடுத்து முடக்கியாயிற்று. மாற்று சிம்முக்கு முதல் 24 மணி நேரம் குறுஞ்செய்தி வராது. எண்ணைத் திருடி ஓ.டி.பி. வாங்குகிறவர்களைத் தடுக்க வைத்த இடைவெளி அது, நல்ல ஏற்பாடு. மறுநாள் வங்கிக் கணக்கு கைக்கு வந்தது.

மின்னஞ்சல் கணக்கு கைக்கு வரவில்லை. கடவுச்சொல் தெரியும், எண் கையில் இருக்கிறது, ஆனால் அது கேட்டது ஆதென்டிகேட்டர் செயலி காட்டும் 6 இலக்கங்களை. அவை சிம்முக்கு வருகிறவை அல்ல. முதல் நாள் கியூ.ஆர். கட்டத்தை ஸ்கேன் செய்யும்போது ஒரு ரகசியச் சாவி கைப்பேசிக்குள் இறங்குகிறது. அதே சாவி அந்த நிறுவனத்திடமும் இருக்கிறது. இரு பக்கமும் அந்தச் சாவியையும் அப்போதைய நேரத்தையும் சேர்த்துக் கணக்கிட்டு, பெரும்பாலும் 30 விநாடிக்கு ஒருமுறை ஒரே எண்ணை அடைகின்றன. 2011இல் பொது நெறிமுறையாக வெளிவந்த முறை இது. சிக்னலே இல்லாத மலையிலும் வேலை செய்யும். ஆனால் சாவி அந்தக் கருவிக்குள் மட்டும் இருந்தால், கருவி போனதோடு அதுவும் போயிற்று.

அதிகாரியைப் பார்க்கலாம் என்றால் அதிகாரியே கிடையாது. ஒரு படிவம் மட்டும் இருந்தது. அது இத்தனை இறுக்கமாக இருப்பதற்குக் காரணமும் உண்டு. 2012 ஆகஸ்டில் அமெரிக்கப் பத்திரிகையாளர் மேட் ஹோனனின் பெயரைச் சொல்லி ஒருவன் ஆப்பிள் உதவி மையத்துக்குத் தொலைபேசி செய்தான். முகவரியும் கடன் அட்டையின் கடைசி 4 எண்களும் போதுமானதாக இருந்தன. அந்த 4 எண்களும் அவரது அமேசான் கணக்கிலிருந்து கிடைத்தவை. உள்ளே நுழைந்தவன் மடிக்கணினியை முழுக்க அழித்தான். மகள் பிறந்ததிலிருந்து எடுத்த படங்களும் அதில் இருந்தன. உதவி மையத்துக்காரர் திறந்துவிட்ட கதவு அது. மறந்தவர்களுக்கென்று வைத்த வாசலைத்தான் திருடன் முதலில் தட்டிப் பார்க்கிறான். அதனால் அந்தப் படிவத்தின் மீது எனக்குக் கோபம் வரவில்லை.

படிவம் பல கேட்டது: பழைய கடவுச்சொல், கணக்குத் தொடங்கிய காலம், வழக்கமாகப் பயன்படுத்தும் இடம். வீட்டு மேசையில் இருந்த பழைய கணினியிலிருந்து நிரப்பியபோதுதான் அது அசைந்து கொடுத்தது. வருடக்கணக்காக நான் அஞ்சலைத் திறந்துவந்த அதே கருவி, அதே இணைய இணைப்பு. சில நாள் காத்திருக்கச் சொல்லி, பிறகு உள்ளே விட்டது. அந்தக் கணினிதான் எனக்கு மண்டிக்கடை அண்ணாச்சியாக நின்றது.

அண்ணாச்சியே நேராகத் திரும்பி வந்துவிட்டார் என்பது அதற்குப் பிறகுதான் தெரிந்தது. 2021இல் ஆப்பிள், கணக்கை மீட்க உதவும் தொடர்பாளர் என்று நம்பிக்கையான ஐந்து பேர் வரை முன்கூட்டியே குறித்துவைக்கும் வசதியைக் கொண்டுவந்தது. நாம் வெளியே மாட்டிக்கொண்டால் அவர்களில் ஒருவர் தம் கருவியில் வரும் எண்ணை நமக்குச் சொல்வார். நம் கணக்குக்குள் அவரால் நுழைய முடியாது. அறிமுகக் கையெழுத்து ஒழிந்தது என்று நிம்மதிப்பட்ட தலைமுறை நாங்கள். அதையே உலகின் பெரிய கணினி நிறுவனம் புதிய பாதுகாப்பாக எங்களிடம் நீட்டுகிறது. நல்ல ஏற்பாடு என்றே நான் சொல்வேன், என் தங்கையின் பெயரையும் ஒரு நண்பரின் பெயரையும் குறித்தும் வைத்தேன்.

ஆனால் வீட்டுக்கு வந்து திரும்பிப் போன அந்தப் பெண் என் மனதை விட்டுப் போக மறுக்கிறாள். எங்கள் தெருவில் ஓய்வூதியம் வாங்குகிற பலருக்கு மின்னஞ்சல் தொடங்கிக் கொடுத்தது கைப்பேசிக் கடைப் பையன். கடவுச்சொல் அவர்களுக்குத் தெரியாது, வீட்டில் வேறு கணினி கிடையாது, தொடர்பாளராகக் குறிக்கப் பிள்ளைகள் பக்கத்தில் இல்லை. மாற்றுக் குறியீடுகள் என்று பத்துப் பன்னிரண்டு எண்களைச் சேவைகள் தருகின்றன. ஒவ்வொன்றும் ஒருமுறை செல்லும். அவற்றை அச்சிட்டு வீட்டுப் பத்திரத்தோடு வையுங்கள் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்கிறேன், கேட்கிறவர்களுக்கு நானே அச்சிட்டும் தருகிறேன். அது என் தெருவோடு நின்றுவிடுகிற வேலை.

ஆதாரில் கைப்பேசி எண்ணை மாற்ற வேண்டுமென்றால் மையத்துக்கு நேரில் போய் விரல் வைக்கலாம், அங்கே ஒரு மனிதர் உட்கார்ந்திருக்கிறார். மருத்துவச் சீட்டு, பேரன் படம், வங்கிக் கடிதம் எல்லாம் கிடக்கிற மின்னஞ்சலுக்கும் அப்படி ஒரு இடம் வேண்டும். அஞ்சலகத்திலேயே வைக்கலாம். ஆவணத்தையும் முகத்தையும் நேரில் பார்த்து, காத்திருக்கும் நாட்களைச் சொல்லி, இவர் இன்னார்தான் என்று எழுதிக் கொடுக்கப் பொறுப்புள்ள ஒருவர் அங்கே இருக்க வேண்டும். நிறுவனமும் அந்த எழுத்தை ஏற்க வேண்டும். அந்தச் செலவைப் பயனாளர்களால் சம்பாதிக்கிற நிறுவனங்கள்தான் ஏற்க வேண்டும், அப்படி ஏற்கச் செய்வது அரசின் வேலை.