கடனே இல்லாத கம்பெனி

திருப்பூரில் உங்களைப்போல் தொழில் நடத்தத் தெரிந்தவர் இல்லை, முதலாளி. நடைமுறை மூலதனத்துக்காக ஊரே பத்திரத்தைத் தூக்கிக்கொண்டு வங்கிக்கு அலைகிறது. உங்கள் கணக்கிலோ ஒரு ரூபாய் கடன் கிடையாது. மனதாரச் சொல்கிறேன், இது பெரிய சாமர்த்தியம்.

நூல் வாங்கிய நாள்முதல் நிட்டிங், சாயம், கம்பாக்டிங், கட்டிங், தையல், செக்கிங் எல்லாம் முடித்துச் சரக்கு கப்பலேறி, வெளிநாட்டுக்காரர் பணம் அனுப்பும்வரை யாராவது ஒருவர் காசைப் போட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும். நாள் நீண்டால் தொகை கூடும். நூல் விலை ஏறினாலும் கூடும். ஆர்டர் குவிந்தாலும்கூடக் கூடும். வளர்கிற கம்பெனிதான் அதிகம் திணறும். நீங்கள் திணறியதே இல்லை. காத்திருக்கும் வேலையை, உங்களுக்குக் கூலிக்கு வேலை செய்து தரும் பட்டறைக்காரர்களுக்கு விட்டுக்கொடுத்துவிட்டீர்கள்.

நூல் மில்லுக்குச் சொன்ன தேதியில் பணம் போய்விடும், ஏனென்றால் தவறினால் அடுத்த லோடு வராது. ஜாப் ஒர்க் பில்லுக்குத்தான் உங்கள் பொறுமை முழுவதும். “பில் பாஸ் ஆகலைங்க, அடுத்த வாரம் வாங்க” என்று உங்கள் அக்கவுண்டன்ட் சொல்வதில் எவ்வளவு பணிவு! தினம் 20,000 ரூபாய் செலவாகும் ஒரு தையல் பட்டறையை எடுத்துக்கொள்வோம். 30 நாளில் பணம் வந்தால் 6 லட்சத்தில் அது ஓடும். நீங்கள் 90 நாள் எடுத்துக்கொண்டால் 18 லட்சம் வேண்டும். கூடுதல் 12 லட்சத்துக்கு 12 சதவீத வட்டி என்றாலே வருடத்துக்கு 1,44,000 ரூபாய். தையல்காரர்களுக்குச் சனிக்கிழமை சம்பளம் கொடுத்தாக வேண்டும், அவர்கள் வீட்டு அரிசிக்கு 90 நாள் தவணை கிடையாது. அதனால் பட்டறைக்காரர் மனைவியின் நகை அடகுக்குப் போகிறது. அந்த வட்டியில் உங்கள் கடனற்ற கணக்கு பளபளக்கிறது.

சட்டத்தையும் நீங்கள் மதிப்பவர். உரிய காலத்தில் சிறு நிறுவனங்களுக்குத் தராத பணத்தை, கொடுத்த ஆண்டில்தான் செலவாகக் கழிக்கலாம் என்று 2024 ஏப்ரல் முதல் வருமான வரி விதி வந்தது. அதிலிருந்து மார்ச் கடைசி வாரத்தில் உங்களைப்போல் நாணயமானவரைப் பார்க்க முடியாது. பாக்கியெல்லாம் ஒரே மூச்சில் தீர்ந்துவிடும். ஏப்ரலில் மறுபடி பில் பாஸ் ஆகாது.

பில் பணம் தர 45 நாள் தாண்டினால், ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப்போல் மும்மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டியாகத் தரவேண்டும் என்று 2006-ஆம் ஆண்டின் சிறு, குறு, நடுத்தரத் தொழில் சட்டம் சொல்கிறது. உங்களிடம் அதை வாய்திறந்து கேட்டவர் ஒருவரில்லை. அவ்வளவு மரியாதை உங்கள்மேல். கேட்டால் அடுத்த லாட் வேறு பட்டறைக்குப் போய்விடும் என்பது எல்லோருக்கும் தெரியும்.