கம்பியில் தொங்கிய கடிதங்கள்: கேள்வி – பதில்

கே: தாத்தாவின் டிரங்குப் பெட்டி நிறையக் கடிதங்கள். எங்கள் குடும்பத்தில் பிரபலம் யாரும் இல்லை. இது யாருக்கு வேண்டும்? (வாசகி, காரைக்குடி)

ப: பிரபலங்களின் கடிதங்களைத் தேடிப் பிடிக்க ஆள் உண்டு. உங்கள் தாத்தாவின் கடிதங்களுக்கு உங்களை விட்டால் நாதியில்லை. அந்த வருஷம் நெல் என்ன விலை, கடல் கடந்து போனவர் எத்தனை ரூபாய் அனுப்பினார், எந்தத் தெருவில் அம்மை கண்டது? அரசுக் கோப்பில் மாவட்டக் கணக்கு இருக்கும்; உங்கள் தெருக்கணக்கு அந்தப் பெட்டியில்தான் இருக்கிறது. உங்கள் பக்கத்துக் கோட்டையூரில் ரோஜா முத்தையா செட்டியார் நூல்களோடு நின்றுவிடாமல் கல்யாணப் பத்திரிகை, நாடக நோட்டீஸ், சொந்தக் கடிதம் என்று சேர்த்தார். 1992இல் அவர் மறைந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அந்தத் தொகுப்பை வாங்கியது. அதை அமெரிக்காவுக்குக் கொண்டுபோகாமல் சென்னையில் நூலகமாக நிலைக்கச் செய்தது. மற்றவர்கள் குப்பை என்று தள்ளியதுதான் இன்று அங்கே ஆய்வாளர்கள் தேடிவரும் பொருள்.

கே: போகிக்கு எதைக் கொளுத்தலாம்? (வாசகர், திண்டிவனம்)

ப: எதையும் கொளுத்தாமலே பொங்கல் வரும். எழுத்து உள்ள காகிதத்தை மட்டுமாவது விட்டுவிடுங்கள்.

கே: ஒரு கடிதத்தால் வரலாற்றுச் சிக்கல் தீர்ந்ததுண்டா? (வாசகர், தூத்துக்குடி)

ப: உங்கள் ஊர்க்காரர் கதையே இருக்கிறது. வ.உ.சி.க்காகத் தென்னாப்பிரிக்கத் தமிழர்கள் திரட்டிக் காந்தியிடம் கொடுத்த பணம் அவர் கைக்கு வந்ததா, இல்லையா? இந்தச் சந்தேகம் வெகுகாலம் உலவியது. 1915–16இல் இருவரும் எழுதிக்கொண்ட கடிதங்களை வைத்து வரலாற்றாய்வாளர் ஆ.இரா. வேங்கடாசலபதி விடை சொன்னார்: வந்தது, 347 ரூபாய் 12 அணா. சிறை மீண்டு வறுமையில் உழன்ற மனிதருக்கு அந்தப் பணம் எவ்வளவு பெரிதாக இருந்தது என்பதும் அந்தக் கடிதங்களில்தான் தெரிகிறது. அவற்றை யாரோ ஒருவர் கிழித்துப் போட்டிருந்தால் நமக்குப் புரளிதான் மிஞ்சியிருக்கும்.

கே: எங்கள் வீட்டுப் பழைய கடிதங்கள் எல்லாவற்றிலும் நடுவில் ஓட்டை. பூச்சியா? (வாசகி, மன்னார்குடி)

ப: பூச்சி இல்லை, கம்பி. அந்தக் காலத்தில் நுனி வளைந்த ஒரு கம்பி அநேகமாக எல்லா வீட்டிலும் தொங்கும். வந்த கடிதத்தைப் படித்ததும் அதில் குத்துவார்கள். அடியில் இருப்பது பழசு, மேலே இருப்பது புதுசு. தேதி போடாத கடிதத்துக்குக்கூட முன்னும் பின்னும் உள்ளவற்றைப் பார்த்துக் காலம் சொல்லிவிடலாம். ஆவணக் காப்பாளர்கள் முதலில் படிக்கிற பாடமே இதுதான்: வந்த வரிசையைக் கலைக்காதே. அப்பாவுடையது தனி, சித்தப்பாவுடையது தனி என்று நல்லெண்ணத்தோடு பிரித்து அடுக்குகிறவர்கள் அந்த வரிசையை அழித்துவிடுகிறார்கள். கம்பியிலிருந்து கழற்றும்போது ஒவ்வொன்றின் பின்னாலும் மூலையில் பென்சிலால் எண் போடுங்கள். பேனா வேண்டாம், மை ஊறும்.

இன்னொன்று. அந்தக் கம்பியில் ஒரு வகைக் கடிதம் இருக்காது. மஞ்சள் தடவி வந்தது இருக்கும். கறுப்புத் தடவி வந்ததைப் படித்த கையோடு கிழித்துப் போடுவது வழக்கம். ஆகவே உங்கள் கடிதக் கட்டில் கல்யாணமும் பிள்ளைப்பேறும் இருக்கும், சாவு இருக்காது. எழுதிக்கொண்டே இருந்த ஒருவரின் கையெழுத்து திடீரென்று நின்றுபோனால், அங்கே என்ன நடந்தது என்று வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள்.

கே: லாமினேட் செய்துவிட்டால் கவலை இல்லையே? (வாசகர், சேலம்)

ப: வேண்டவே வேண்டாம். என் அப்பா எழுதிய அஞ்சலட்டை ஒன்றை நான் அப்படிச் செய்து வைத்தேன். சூட்டில் உருகி ஒட்டிய பிளாஸ்டிக்கை இனிக் காகிதம் கிழியாமல் உரிக்க முடியாது. அந்த வருத்தம் எனக்கு இன்றும் உண்டு. செலோ டேப்பும் ஆகாது. அதன் பசை மஞ்சளித்துக் காகிதத்தில் இறங்கிவிடும். குண்டூசி, ஸ்டேப்ளர் ஊசி துருப்பிடிக்கும், மெல்லக் கழற்றுங்கள். வெயிலில் காயவைத்தால் மை வெளிறும். பாலிதீன் பைக்குள் நம் ஊர்ப் புழுக்கம் தங்கிப் பூஞ்சை பிடிக்கும். கஞ்சி போடாத, துவைத்த வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றி, சுவரை ஒட்டாமல், தரையில் படாமல் வையுங்கள். கஞ்சி என்றால் ராமபாணப் பூச்சிக்கு விருந்து.

கே: மளிகைக் கணக்கு நோட்டும் சேருமா? (வாசகர், புதுச்சேரி)

ப: சேரும். அன்றாடம் எழுதிவைத்தது எதுவும் பின்னாளில் வரலாறாகலாம். உங்கள் ஊர் ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை நாட்குறிப்பு எழுதினார். 1846இல் வெளிச்சத்துக்கு வரும்வரை அது கேட்பாரற்றுக் கிடந்தது. பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேக்ஸ் காலத்துப் புதுச்சேரியை அதில்லாமல் இன்று யாரால் எழுத முடியும்?

கே: பாட்டியின் கடிதங்களில் குடும்பச் சண்டை, கடன், கண்ணீர் எல்லாம் இருக்கிறது. வெளியே கொடுப்பது சரியா? (வாசகி, கோவை)

ப: கேட்க வேண்டிய கேள்வி. காகிதம் உங்களுடையது, அதிலுள்ள எழுத்தை அச்சிடும் உரிமை எழுதியவருக்கும் அவர் வாரிசுகளுக்கும் உரியது. உயிரோடு இருப்பவர் மனம் நோகும் என்றால், இத்தனை ஆண்டு கழித்துத் திறக்க வேண்டும் என்ற நிபந்தனையை எழுத்தில் வாங்கிக்கொண்டு கொடுங்கள். அதற்கு ஒப்பாத இடத்துக்குக் கொடுக்காதீர்கள். ஆனால் வரிகளை வெட்டுவதோ மை பூசி மறைப்பதோ கூடாது. புதுமைப்பித்தன் மனைவி கமலாவுக்கு எழுதிய கடிதங்கள் ‘கண்மணி கமலாவுக்கு’ என்று நூலாகின. பணமுடையும் பிரிவுத் துயரமும் அதில் அப்படியே இருக்கின்றன. அவற்றைப் படித்தபின் அவர்மேல் மரியாதை குறைந்தவர் யாரையும் நான் பார்த்ததில்லை.

கே: மூலத்தைக் கொடுக்க மனம் வரவில்லை. (வாசகர், மதுரை)

ப: கொடுக்க வேண்டாம், படியைக் கொடுங்கள். பிரிட்டிஷ் நூலகத்தின் திட்ட உதவியோடு புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார் தமிழகக் கிராமங்களுக்குப் போய்ப் பஞ்சாயத்துத் தீர்ப்புகளையும் நில ஆவணங்களையும் படமெடுத்துத்தான் படி சேர்த்தார்கள்.

கே: கடிதங்கள் ஓரிடத்தில் இருந்தால் போதாதா? (வாசகர், யாழ்ப்பாணம்)

ப: 1981இல் உங்கள் பொது நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் போயின. வேறு படி இல்லாதவை போனது போனதுதான். 2005இல் தொடங்கிய ‘நூலகம்’ மின்னூலகம் அந்த நெருப்பிலிருந்து கற்ற பாடம்.

கே: எங்கள் ஊரில் காப்பகமே இல்லை. எங்கிருந்து தொடங்க? (வாசகி, சங்கரன்கோவில்)

ப: பாட்டியிடமிருந்து. கடிதத்தில் ‘பெரியவன்’, ‘ஆச்சி’, ‘தென்காசியாள்’ என்றுதான் இருக்கும். அவர்கள் யார் யார் என்பது பாட்டிக்கு மட்டுமே தெரியும். ஊர் நூலகத்திலோ பள்ளியிலோ ஒரு அலமாரியைப் பிறகு கேட்டு வாங்கலாம். இந்த ஞாயிற்றுக்கிழமை கட்டை அவிழ்த்துப் பாட்டி பக்கத்தில் உட்காருங்கள். அவர் சொல்லச் சொல்ல ஒரு நோட்டில் பெயர்களை எழுதிக்கொள்ளுங்கள்.