தலையை வெட்டிகினு வந்தவனுக்கு

வாடா, வா. பழைய லுங்கியில சுத்தி என்னாத்தத் தூக்கியாற? அடப்பாவி, தலையா! தலையை வெட்டிக் கையில எடுத்துகினு நேரா போலீஸ் ஸ்டேஷனுக்குப் போன ஆளைப் பேப்பர்ல படிச்சிருக்கன். எங்கூட்டுத் திண்ணைக்குக் கொண்டாந்தவன் நீ ஒருத்தன்தான். வை, அந்த மரப்பலகை மேல வை. சிமெண்டுத் தரையில வச்சா கீறல் உழும். உழுந்தா லேத்து பட்டறைக்காரன் ஊட்டு அடுப்பு இன்னொரு நாள் எரியும்.

மாருதி 800. 1983-ல வந்து 2014-ல வரத்து நின்னுபோன வண்டி. அதை வாங்கி, பின் சீட்டைப் புடுங்கி, கதவுல நெருப்புப் படம் ஒட்டி, சைலன்சரை வெட்டி, கைக்கொழந்த வச்சிருக்கற பொம்பளைங்க வாயிலெல்லாம் உழுந்து எழுந்தாச்சி. இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்குல போயி ஓட்டப் போறன்னு சேதராப்பட்டு கம்பெனிப் பசங்களுக்கெல்லாம் டீயும் வாங்கிக் குடுத்தாச்சி. வண்டி என்னா பண்ணிச்சி? வில்லியனூர் தாண்டறதுக்குள்ள அதுவே ஒரு டீக்கடை வச்சிடிச்சி. முன்னால ஆவி. ஆயில் மூடியத் தொறந்தா பால் காப்பி. தண்ணியும் ஆயிலும் சம்பந்தம் பண்ணிகிச்சின்னா நடுவுல இருந்த ஹெட் கேஸ்கெட்டு செத்துப்போச்சின்னு அர்த்தம்.

புதுசா ஒரு கேஸ்கெட்டு வாங்கிப் போட்டா சரியாப்பூடும், அதான சொல்ல வர? உங்கிட்ட எனக்குப் புடிச்ச கொணமே அதான். கூரை ஒழுவுதுன்னா கீழ குண்டான் வைக்கிற ஜாதி நீ.

வண்டி ஏன் கொதிச்சிச்சி, அதைச் சொல்லு மொதல்ல. தெர்மோஸ்டாட்டு எங்க? எவனோ மெக்கானிக்கு கழட்டிப் போட்டுட்டானா? சூடே ஏறாதுன்னு சொன்னானா? கேட்டியே, நல்ல புள்ள. அது இல்லன்னா காலையில எஞ்சின் சீக்கிரம் சூடு புடிக்காது, பெட்ரோலு குடிக்கும். நம்ம பக்கம் பெட்ரோலு மலிவுன்னு எல்லை தாண்டி வந்து ரொப்பிகினு போறான் தமிழ்நாட்டுக்காரன். அந்தத் தைரியத்துல நீயும் கண்டுக்காம உட்டுட்ட. சரி, கொதிச்சதுக்குக் காரணம் அது இல்ல. ரேடியேட்டருக்கு எந்தத் தண்ணி ஊத்தன? பல்ல இளிக்காத. புதுச்சேரியில தண்ணின்னாவே உங்களுக்கு வேற நெனப்புதான். பாகூர் போர்வெல் தண்ணிதான? கடல் உள்ள ஏறி போர்ல உப்பு கரிக்குதுன்னு குடியானவன் நெல்லப் பாத்துப் பொலம்புறான், நீ அதையே புடிச்சி அலுமினிய ஹெட்டுக்குள்ள உட்டுருக்க. தோ பாரு, இந்த ஓட்டை ஓரமெல்லாம் எலி கடிச்ச கொப்பரை மாரி இருக்குது. ரேடியேட்டர் குழாய்ல வெந்நித் தவலையில படியற மாரி வெள்ளையா காரை. தண்ணி போவ வழி இல்ல, கொதிச்சிடிச்சி. அதைச் சுத்தம் பண்ணாம நீ தங்கத்துல கேஸ்கெட்டு போட்டாலும் அடுத்த வாரம் இதே லுங்கி, இதே திண்ணை. கூலண்டு வாங்கு, டிஸ்டில்டு வாட்டர் வாங்கு. ஃபேன் நேரத்துக்குச் சுத்துதான்னு பாரு. கதவு ஸ்டிக்கருக்குக் குடுத்த காசுல பாதிகூட ஆவாது.

இப்ப தலைக்கு வருவம். கீழ பிளாக்கு வார்ப்பிரும்பு, மேல இது அலுமினியம். ஒரே சூட்டுக்கு அலுமினியம் இரும்பவிட ரெண்டு மடங்கு விரியும். மாமியாரு ஒரு பக்கம் இழுக்க மருமவ ஒரு பக்கம் இழுக்கன்னு நடுவுல கேஸ்கெட்டு தெனமும் பஞ்சாயத்து பண்ணிகினு கெடக்கும். சூடு மீறிச்சின்னா தலை வளைஞ்சிடும். கண்ணுக்குத் தெரியாது. நேரான ஸ்டீல் பட்டையைக் குறுக்கயும் நெடுக்கயும் மூலைக்கு மூலையும் வச்சி, அடியில ஃபீலர் கேஜை உட்டுப் பாக்கணும். 0.05 மி.மீ. தகடு நொழஞ்சிச்சின்னா பட்டறைக்குப் போவணும். தலைமுடிய விடச் சன்னம்டா அது. ஓரமா வெடிப்பு உட்டிருக்குதான்னும் பாக்கச் சொல்லு. வெடிச்ச தலையச் சீவறது பொணத்துக்குப் பவுடர் பூசற மாரி.

பட்டறைக்காரன்கிட்ட எவ்ளோ சீவச் சொல்லப் போற? ஒரு மில்லிமீட்டரா? கம்ப்ரஷன் ஏறும், வண்டி பறக்கும்? பொறு, கணக்குப் போடுவம். மூணு சிலிண்டரு, 796 சிசி. ஒன்னுக்கு 265. பிஸ்டன் மேல ஏறச்சொல்ல அவ்ளோ காத்தையும் சுமார் 35 சிசி சந்துக்குள்ள நெருக்குது. அந்தச் சந்துல நீ ஒரு மில்லிமீட்டர சீவினன்னா திருவிழா பஸ்ல இன்னும் இருவது பேர ஏத்தற கதைதான். பெட்ரோலு தானா வெடிச்சி உள்ள டக்டக்குன்னு தட்டும், பிஸ்டன் தலையில ஓட்டை உழும். அதோட உடாது. ஹெட்டு கீழ எறங்கினா கேம் ஷாஃப்டும் கூடவே எறங்கும், பெல்ட்டு கணக்கு மாறி டைமிங் பின்னால போவும். பவருக்காகச் சீவி, இருக்கற பவரையும் தொலைச்சவன்னு பேரு வாங்குவ. கோணல் போற வரைக்கும் சீவு, அதுக்கு மேல ஒரு நூலு வேணாம்.

மூஞ்ச தூக்காத. இதே எஞ்சின வச்சித்தான் கோயம்புத்தூர் கரிவரதன், 1995-ல சின்ன விமானம் உழுந்து செத்துப்போனாரே, அந்த மனுசன் ஃபார்முலா மாருதின்னு ஒத்த சீட்டு ரேஸ் வண்டி கட்டனாரு. நரேன் கார்த்திகேயன் அதுல ஓட்டிதான் ஆரம்பிச்சாரு, 2005-ல ஃபார்முலா ஒன்னுக்கே போயிட்டாரு. எஞ்சின் சின்னதுன்னு சாக்கு சொல்ல உனக்கு வழி இல்ல, அதுக்குத்தான் சொன்னன்.

வால்வு ஆறு. அதுலதான் உன் சாமர்த்தியம் தெரியணும். வால்வை கைடுக்குள்ள உட்டு ஆட்டிப் பாரு. கெழவன் பல்லு மாரி ஆடிச்சின்னா கைடு மாத்து. ஆயில் சீல் ஆறும் புதுசு போடு, அதுல கஞ்சத்தனம் பண்ணா பின்னால வர்றவனுக்குக் கொசு மருந்து அடிச்சிகினே போவ. அப்புறம் தேய்க்கணும். ரப்பர் குச்சில வால்வை ஒட்டிகினு, சீட்டு மேல பேஸ்ட்டு தடவி, ரெண்டு உள்ளங்கையால மோர் கடையற மாரி இப்பிடி அப்பிடி. நடுநடுவ தூக்கித் திருப்பி வை. மொதல்ல கொறகொறப்பு, அப்புறம் நைசு. சுத்திலும் சாம்பல் கலர்ல ஒரே அகலத்துல ஒரு வளையம் உழணும், ஒன்றரை மி.மீ.க்குள்ள. எங்கயாவது அறுந்து நின்னுச்சின்னா திரும்பவும் மோர் கடை. பாகூர்ல ஆயிரத்து நூறு வருசத்துக்கு முன்னாலயே பெரிய கல்விச்சாலை இருந்துச்சி, பல்லவ ராசா நிருபதுங்கன் மூணு ஊரை அதுக்கு எழுதிக் குடுத்தான்னு செப்பேடு சொல்லுது. என்னென்னமோ சாஸ்திரம் சொல்லிக் குடுத்திருப்பாங்க. வால்வு தேய்க்கறத மட்டும் திண்ணையிலதான் படிக்கணும்னு உட்டுட்டாங்க போல. தேய்ச்சி முடிச்சி ஸ்பிரிங்கு மாட்டி, தலையைக் கவுத்து, குழிக்குள்ள மண்ணெண்ணெய ஊத்தி வச்சிட்டு ஒரு டீ குடிச்சிட்டு வா. அந்தப் பக்கம் ஈரம் கசியலன்னா நீ மனுசன்.

இன்டேக் வழிய கண்ணாடி மாரி பாலிஷ் போடணும்னு ஆசைப்படாத. உன் வண்டி கார்புரேட்டரு. வழவழன்னு இருந்தா பெட்ரோலு செவுத்துல வழிஞ்சிகினு போவும். கொஞ்சம் சொரசொரப்பு இருந்தாதான் காத்தோட கலக்கும். கேஸ்கெட்டு ஓரத்துல துருத்திகினு இருக்கறத மட்டும் ராவி உடு. எக்சாஸ்டு பக்கம் வேணும்னா பளபளன்னு தேச்சி, அதுலயே மூஞ்சி பாத்து மீசை முறுக்கிக்க.

போல்ட்டு. இங்க நான் என் கதைய சொல்லித்தான் ஆவணும், சிரிக்கக் கூடாது. ஏரிப் பாசனத்துல தண்ணி பத்தாத வருசம். ஒரு மோட்டார் கொட்டாய்ல ஆயில் எஞ்சின் ஹெட்டு மாட்டறன். உடம்புல தெம்பு இருந்துச்சி, ஸ்பேனருக்குப் பின்னால ரெண்டடி பைப்ப சொருவிகினு இழுத்தன். டிக்குன்னு ஒரு சத்தம். ஸ்டட்டு முறிஞ்சி பாதி உள்ளயே நின்னுபோச்சி. மூணு ராத்திரி தண்ணி இல்லாம நாத்து வதங்கிச்சி, அந்தக் குடியானவரு வரப்புல ஒக்காந்துகினு என்னையே பாத்தாரு. திட்டல. திட்டியிருந்தா தேவலாம். அதனால டார்க் ரென்ச்சு கடன் வாங்கு. போல்ட்டு குழியில தண்ணியோ ஆயிலோ நின்னா தொடச்சி எடு. உட்டா எறுக்கற எறுக்குல பிளாக்கே பொளந்துக்கும். நடுவுல ஆரம்பிச்சி வெளிப்பக்கமா எறுக்கு, மூணு தவணையா, புஸ்தகத்துல இருக்கற அளவுக்கு. கழட்டறப்ப மட்டும் வெளியில இருந்து உள்ள. நீ எப்பிடிக் கழட்டனன்னு நான் கேக்கல, வளைஞ்சிருக்கறதே சொல்லுது.

மாட்டி முடிச்சதும் முறுக்காத. சும்மா ஓடட்டும், சூடாவட்டும், அணைச்சி ஆற உடு. தண்ணி அளவு பாரு. வால்வு சந்து பாரு. அப்புறம் ஏரிக்கரை வரைக்கும் மெதுவா போயி வா, ஊரே பாக்குதுன்னு மறந்துடு.

இருங்காட்டுக்கோட்டையில ஒரு சுத்து மூணே முக்கா கிலோமீட்டர் கிட்ட வருதாமே. பிரேக்கப் பத்தி நீ இன்னிவரைக்கும் ஒரு வார்த்தை பேசல, அதை நானும் கவனிச்சிகினுதான் இருக்கன். நம்ம வில்லியனூர் தேரப் பாத்திருக்க இல்ல? வெள்ளைக்காரன் காலத்துல இருந்து கவர்னரே வந்து வடம் புடிக்கிற தேரு. அதுக்கு ஹெட்டும் கெடையாது, கேஸ்கெட்டும் கெடையாது. சக்கரத்துக்குக் கிட்டயே குனிஞ்சிகினு முட்டுக்கட்டை போடறானே, அவன் இல்லாம ஒரு அடி நவுராது. வளைவுல திருப்பறதும் அவன்தான், நிறுத்தறதும் அவன்தான்.

போற அன்னிக்கு என்னையும் கூட்டிகினு போ. பின் சீட்டு இல்லன்னா என்னா, ஒரு மூட்டைய போட்டு ஒக்காந்துக்கறன். ஹெல்மெட்டு எனக்கு வேணாம். தேரடியில சொல்லி நல்ல புளியமரத்து முட்டுக்கட்டையா ஒன்னு வாங்கியாறன், மொத வளைவுல நின்னுக்கறன்.